வினைச்சொல்லுக்குப் பின் எந்த முன்னிடைச்சொல்?



க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் கடிதம், கட்டுரை, பட விபரிப்பு போன்றவற்றை எழுதும்போது நம் மாணவர்கள் பலர் நல்ல கருத்துகளை எழுதுகின்றனர். காலமும் சரியாக அமைகிறது. எழுத்துப் பிழைகளும் குறைவு. ஆயினும் வினைச்சொல்லை அடுத்து வரும் இரண்டு மூன்று எழுத்துச் சிறு சொல் ஒன்று தவறிவிடுகிறது. சில வேளைகளில் வரவேண்டிய இடத்தில் அது வருவதில்லை. சில வேளைகளில் வரக்கூடாத இடத்தில் வந்துவிடுகிறது. இத்தகைய பிழைகள் ஒரு விடையிலேயே நான்கைந்து இடங்களில் காணப்பட்டால் புள்ளிகள் குறைவதைத் தவிர்க்க முடியாது. இச்சிறு சொற்களே முன்னிடைச்சொற்கள் எனப்படும். இவற்றைச் சரியாகப் பயன்படுத்தும் முறையை இப்பாடத்தில் நோக்குவோம்.

அவதானிக்க: இப்பாடத்தில் ஆங்கிலச் சொற்கள் ஒலிப்புக்கேற்பத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. 'ரிக்கற்', 'ரீச்சர்' என நாம் எழுதும் முறையிலேயே 'ரு', 'அற்' என்பவற்றையும் வாசித்துக்கொள்க. ஒவ்வொரு சொல்லையும் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள். பாடம் முடியும்போது உங்களிடம் ஒரு சொற்பட்டியல் இருக்கும்.

1. பிழை எங்கிருந்து வருகிறது?

தமிழில் பெயர்ச்சொல்லின் பின்னால் வேற்றுமை உருபு சேர்கிறது. கண்டி + கு = கண்டிக்கு. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கிறது: 'ரு கண்டி'. முன்னால் நிற்பதால் அது முன்னிடைச்சொல் ஆயிற்று. இதுவரை சிக்கல் எதுவும் இல்லை.

'கு என்றால் ரு, இல் என்றால் இன், பற்றி என்றால் எபவுற்' என ஒரு வாய்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கும்போதே சிக்கல் ஆரம்பமாகிறது. நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, பொருட்டு, முறை எனப் பல பொருள்கள் உண்டு என்பதைத் தமிழ் இலக்கணப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தமிழிலேயே பல வேலை செய்யும் ஓர் உருபுக்கு ஆங்கிலத்தில் ஒரேயொரு சொல் எவ்வாறு போதும்? பின்வரும் வாக்கியங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் 'கு' உருபே வந்துள்ளது.

அ) நான் கண்டிக்குப் போனேன் – கோ ரு
ஆ) நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன் – வெயிற் ஃபோர்
இ) ஆசிரியர் எனக்கு விளக்கினார் – எக்ஸ்பிளேன் ரு
ஈ) ஆசிரியர் எனக்குச் சொன்னார் – ரெல் (முன்னிடை இல்லை)
உ) நான் தம்பிக்கு உதவினேன் – ஹெல்ப் (முன்னிடை இல்லை)
ஊ) நான் பெற்றோருக்குக் கீழ்ப்படிகிறேன் – ஒபே (முன்னிடை இல்லை)

'ஐ' உருபும் இவ்வாறே.

அ) பாட்டைக் கேட்டேன் – லிஸின் ரு
ஆ) படத்தை உற்றுப் பார்த்தேன் – லுக் அற்
இ) பேனாவைத் தேடினேன் – லுக் ஃபோர்
ஈ) பெற்றோரைத் தங்கியிருக்கிறேன் – டிப்பென்ட் ஒன்
உ) கடவுளை நம்புகிறேன் – பிலீவ் இன்
ஊ) யானையைக் கண்டேன் – சீ (முன்னிடை இல்லை)

இதிலிருந்து விளங்குவது என்ன? எந்த முன்னிடை வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தமிழ் உருபு அன்று, ஆங்கில வினைச்சொல்லே. இதுவே இப்பாடத்தின் அடிப்படை விதியாகும்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. 'ஆசிரியரிடம் கற்றேன்', 'நண்பனோடு பேசினேன்', 'மரத்தில் ஏறினேன்', 'அண்ணனை நம்பினேன்' என்று நாம் சொல்கிறோம். கற்றலுக்கு 'இடம்' என்பதும் நம்புதலுக்கு 'ஐ' என்பதும் வரவேண்டும் என யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை. வினையையும் உருபையும் சேர்த்தே கேட்டோம், சேர்த்தே பழகினோம். ஆங்கில வினைகளையும் அவ்வாறே சேர்த்துப் பழகவேண்டும். 'வெயிற்' என்றால் காத்திரு என்று மட்டும் மனனம் செய்யாதீர்கள். 'வெயிற் ஃபோர்' என்றால் ஒன்றுக்காகக் காத்திரு என இரண்டு சொற்களையும் ஒன்றாக மனனம் செய்யுங்கள்.

2. சேர்த்து மனனம் செய்யவேண்டிய வினைகள்

சாதாரண தர மாணவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் வினைகள் கீழே தரப்பட்டுள்ளன.

'ரு' வருபவை: லிஸின் ரு (செவிமடு), ஸ்பீக் ரு (ஒருவருடன் பேசு), எக்ஸ்பிளேன் ரு (ஒருவருக்கு விளக்கு), பிலோங் ரு (ஒருவருக்குச் சொந்தமாயிரு), றிப்ளை ரு (பதிலளி), ஹப்பின் ரு (ஒருவருக்கு நேரிடு).

'ஃபோர்' வருபவை: வெயிற் ஃபோர் (காத்திரு), அப்ளை ஃபோர் (விண்ணப்பி), ஆஸ்க் ஃபோர் (ஒன்றைத் தருமாறு கேள்), பே ஃபோர் (ஒரு பொருளுக்குப் பணம் செலுத்து), பிறிப்பெயார் ஃபோர் (ஆயத்தமாகு), தாங்க் ஃபோர் (ஒன்றுக்காக நன்றி கூறு).

'ஒன்' வருபவை: டிப்பென்ட் ஒன் (தங்கியிரு), கொன்சன்ற்றேற் ஒன் (கவனத்தைச் செலுத்து), இன்சிஸ்ற் ஒன் (வற்புறுத்து), ஸ்பென்ட் ஒன் (ஒன்றிற்குச் செலவிடு), கொங்கிராசுலேற் ஒன் (ஒன்றிற்காகப் பாராட்டு).

'இன்' வருபவை: பிலீவ் இன் (நம்பிக்கை வை), சக்சீட் இன் (வெற்றி பெறு), பார்ரிசிப்பேற் இன் (பங்குபற்று).

'ஒவ்' வருபவை: கொன்சிஸ்ற் ஒவ் (கொண்டிரு), அக்கியூஸ் ஒவ் (குற்றஞ்சாட்டு), றிமைன்ட் ஒவ் (ஒன்றை நினைவூட்டு).

'ஃப்ரொம்' வருபவை: சஃபர் ஃப்ரொம் (நோயால் வருந்து), பொறோ ஃப்ரொம் (ஒருவரிடம் இரவல் வாங்கு), பிறிவென்ற் ஃப்ரொம் (ஒன்றைச் செய்யவிடாமல் தடு), பிறொரெக்ற் ஃப்ரொம் (ஒன்றிலிருந்து பாதுகா).

'அற்' வருபவை: லுக் அற் (பார்), லாஃப் அற் (ஒருவரைப் பார்த்துச் சிரி), ஸ்மைல் அற் (புன்னகை செய்).

சில வினைகளுக்கு ஆள் வேறு, பொருள் வேறு என இரண்டு முன்னிடைகள் வரும். 'அப்பொலஜைஸ்' என்றால் மன்னிப்புக் கேள். யாரிடம் என்பதற்கு 'ரு' வரும். எதற்காக என்பதற்கு 'ஃபோர்' வரும். 'கொம்பிளெயின்' என்றால் முறையிடு. யாரிடம் என்பதற்கு 'ரு', எதைப் பற்றி என்பதற்கு 'எபவுற்'. நகரசபைக்கோ பிரதேச சபைக்கோ குப்பை அகற்றப்படாமை பற்றிக் கடிதம் எழுதும்போது இவை இரண்டும் தேவைப்படும்.

'அரைவ்' என்ற வினையையும் கவனியுங்கள். ஒரு நகரத்தையோ நாட்டையோ வந்தடைந்தால் 'அரைவ் இன் கொழும்பு'. ஒரு கட்டடத்தையோ தரிப்பிடத்தையோ வந்தடைந்தால் 'அரைவ் அற் த ஸ்ரேஷன்'. 'அரைவ் ரு' என எழுதுவது பிழை.

3. முன்னிடை வரக்கூடாத வினைகள்

நம் மாணவர்கள் அதிகம் பிழை விடும் பகுதி இது. தமிழில் உருபோ 'பற்றி', 'உள்ளே' போன்ற சொல்லோ இருப்பதால் ஆங்கிலத்திலும் ஏதாவது ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்று கை தானாகவே எழுதிவிடுகிறது. பின்வரும் வினைகளுக்குப் பின் செயப்படுபொருள் நேரடியாக வரும்.

டிஸ்கஸ்: பிரச்சினை பற்றிக் கலந்துரையாடினோம். 'டிஸ்கஸ் எபவுற்' பிழை; 'டிஸ்கஸ் த பிறொப்ளம்' சரி.
என்ரர்: வகுப்பறையினுள் நுழைந்தோம். 'என்ரர் இன்ரு' இங்கு பிழை. 'என்ரர் த கிளாஸ்றூம்' சரி.
றீச்: வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். 'றீச் ரு' பிழை. 'றீச் ஹோம்' சரி.
ஆன்சர்: கேள்விக்கு விடையளித்தேன். 'ஆன்சர் ரு' பிழை; 'ஆன்சர் த குவெஸ்ஷன்' சரி.
அற்றென்ட்: கூட்டத்துக்குச் சமூகமளித்தேன். 'அற்றென்ட் த மீற்றிங்' சரி.
பாஸ்: பரீட்சையில் சித்தியடைந்தேன். 'பாஸ் இன்' பிழை. 'பாஸ் த எக்ஸாம்' சரி.
ஜொயின்: கழகத்தில் சேர்ந்தேன். 'ஜொயின் த கிளப்' சரி.
லீவ்: வீட்டிலிருந்து புறப்பட்டேன். 'லீவ் ஃப்ரொம் ஹோம்' பிழை. 'லீவ் ஹோம்' சரி.
மெரி: அக்கா ஒரு வைத்தியரைத் திருமணம் செய்தார். 'மெரி வித்' பிழை. 'மெரி எ டொக்ரர்' சரி.
றிசெம்பிள்: தம்பி தந்தையைப் போல் இருக்கிறான். 'றிசெம்பிள் ரு' பிழை. 'றிசெம்பிள் ஹிஸ் ஃபாதர்' சரி.

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழலாம். 'டிஸ்கஷன் எபவுற்' எனப் பாடநூலில் வந்துள்ளதே, அது பிழையா? அது பிழையன்று. 'டிஸ்கஸ்' வினைச்சொல்; 'டிஸ்கஷன்' பெயர்ச்சொல். வினையாக வரும்போது முன்னிடை வேண்டாம். பெயராக வரும்போது முன்னிடை வேண்டும். இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பல பிழைகள் ஒரேயடியாக நீங்கிவிடும்.

றிக்வெஸ்ற் (வினை): றிக்வெஸ்ற் லீவ். பெயர்: எ றிக்வெஸ்ற் ஃபோர் லீவ்.
ஆன்சர் (வினை): ஆன்சர் த குவெஸ்ஷன். பெயர்: த ஆன்சர் ரு த குவெஸ்ஷன்.
எம்பஸைஸ் (வினை): எம்பஸைஸ் த பொயின்ற். பெயர்: எம்பஸிஸ் ஒன் த பொயின்ற்.
லாக் (வினை): தே லாக் வோற்றர். பெயர்: எ லாக் ஒவ் வோற்றர்.

விடுமுறை கோரி அதிபருக்கு எழுதும் கடிதத்தில் 'ஐ றிக்வெஸ்ற் ஃபோர் லீவ்' என எழுதப்படுவதைப் பெரும்பாலும் காணலாம். இலங்கையிலும் இந்தியாவிலும் பேச்சு வழக்கில் இது பரவலாக உள்ளது. அலுவலகக் கடிதங்களில்கூட வருவதுண்டு. எனினும் பரீட்சையில் நியம ஆங்கில வழக்கைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது. 'டிஸ்கஸ் எபவுற்', 'எம்பஸைஸ் ஒன்' என்பவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

4. முன்னிடை மாறினால் பொருளும் மாறும்

சில வினைகளில் முன்னிடையை மாற்றினால் வாக்கியம் பிழையாவதில்லை, வேறொரு வாக்கியமாகிவிடுகிறது. இது பிழையைவிட ஆபத்தானது. வாசிப்பவர் நீங்கள் சொல்ல நினைக்காத ஒன்றை நீங்கள் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்.

லுக்
லுக் அற் – பார்
லுக் ஃபோர் – தேடு
லுக் ஆஃப்ரர் – பராமரி
லுக் இன்ரு – விசாரித்து ஆராய்

நோயுற்ற அம்மம்மாவைப் பாடசாலை முடிந்ததும் நான்தான் பராமரிக்கிறேன் என ஒரு மாணவி எழுத விரும்புகிறாள். 'லுக் ஆஃப்ரர்' என எழுதவேண்டிய இடத்தில் 'லுக் அற்' என எழுதினால் அவள் அம்மம்மாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாள் என்றாகிவிடும். அவளது உழைப்பு முழுவதும் ஒரு சிறு சொல்லில் மறைந்துவிடுகிறது.

த்றோ
த்றோ ரு – ஒருவர் பிடிக்கும்படி எறி. த்றோ த போல் ரு ஹிம்: பந்தை அவனிடம் எறி.
த்றோ அற் – ஒருவர்மீது படும்படி எறி. த்றோ எ ஸ்ரோன் அற் ஹிம்: அவன்மீது கல்லை எறி.

ஷவுற்
ஷவுற் ரு – தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சத்தமாகக் கூப்பிடு.
ஷவுற் அற் – கோபத்தில் ஒருவரைப் பார்த்துக் கத்து.

இவ்விரு வினைகளிலும் 'ரு' ஒருவரிடம் சென்று சேர்வதைக் காட்டுகிறது. 'அற்' அவரைக் குறிவைப்பதைக் காட்டுகிறது. 'லாஃப் அற்' என்பது ஒருவரைப் பரிகசித்துச் சிரிப்பதைக் குறிப்பதும் இதே காரணத்தாற்றான். நண்பருடன் சேர்ந்து மகிழ்ச்சியாகச் சிரித்தீர்கள் என்றால் 'லாஃப் வித்' என எழுதுங்கள்.

அக்றீ
அக்றீ வித் – ஒருவருடன் அல்லது ஒருவரது கருத்துடன் உடன்படு.
அக்றீ ரு – ஒரு திட்டத்துக்குச் சம்மதி.
அக்றீ ஒன் – பலர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வா.

விவாத வகையான கட்டுரையில் 'இக்கருத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்' எனத் தொடங்குவதற்கு 'ஐ அக்றீ வித்' என்பதே பொருத்தமானது. 'ஐ ஆம் அக்றீ' என எழுதுவது பிழை. 'ஆம்' அங்கு வேண்டியதில்லை.

5. நினைவில் வைத்திருக்கவேண்டிய மூன்று விதிகள்

விதி 1: முன்னிடைக்குப் பின் ஒரு வினை வந்தால் அது 'இங்' வடிவில் வரவேண்டும். 'ஷி சக்சீடட் இன் பாஸிங் த எக்ஸாம்'. 'தாங்க் யூ ஃபோர் ஹெல்ப்பிங் மீ'. முறைசார் கடிதத்தின் முடிவில் 'உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்' என எழுதுவதற்கும் இவ்விதி வேண்டும். 'ஐ லுக் ஃபோர்வேர்ட் ரு ஹியரிங் ஃப்ரொம் யூ' என்பதே சரி. 'ரு ஹியர்' என எழுதுவது பிழை. இங்கு 'ரு' முன்னிடைச்சொல் ஆகும். 'ரு கோ', 'ரு ஈற்' என வினையுடன் வரும் 'ரு' அன்று.

விதி 2: செயப்படுபொருள் இல்லாவிட்டால் முன்னிடையும் இல்லை. 'பிளீஸ் வெயிற்' (தயவுசெய்து காத்திருங்கள்), 'லிஸின்!' (கேளுங்கள்!) என முடிக்கலாம். எதற்காக, எதை என்று சொல்லும்போதே 'ஃபோர்', 'ரு' என்பன வரும்.

விதி 3: வினா வாக்கியத்தில் செயப்படுபொருள் முன்னே சென்றாலும் முன்னிடை வினையுடனேயே தங்கிவிடும். 'வட் ஆர் யூ லுக்கிங் ஃபோர்?' (எதைத் தேடுகிறீர்கள்?), 'ஹூ ஆர் யூ வெயிற்றிங் ஃபோர்?' (யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?). இங்கு 'ஃபோர்' வாக்கியத்தின் இறுதியில் தனியாக நிற்பதால் அதனை விட்டுவிடுவோர் பலர். விட்டுவிட்டால் வாக்கியம் நிறைவு பெறாது.

6. ஐயம் வந்தால் எங்கே பார்ப்பது?

அகராதியில் பார்க்கவேண்டும். ஆனால் ஆங்கிலம்–தமிழ்ச் சிற்றகராதிகள் பெரும்பாலும் பொருளை மட்டுமே தருகின்றன. கற்போருக்கான அகராதிகளே வினையுடன் வரும் முன்னிடையையும் காட்டுகின்றன. யப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி என்பவர் தம் துணையாசிரியர்களுடன் சேர்ந்து இத்தகைய அகராதி ஒன்றைத் தயாரித்தார். அது 1942 இல் ரோக்கியோவில் வெளிவந்தது. பின்னர் 1948 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட்டது. இன்று நூலகங்களில் காணப்படும் ஒக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரி அதன் வழிவந்ததே. ஆங்கிலத்தைப் பிற மொழியாகக் கற்போருக்கு ஒரு வினையின் பொருள் மட்டும் போதாது. அது வாக்கியத்தில் எந்த அமைப்பில் வரும் என்பதும் தெரியவேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது.

அத்தகைய அகராதியில் ஒரு வினையைத் தேடும்போது பொருளுடன் நிறுத்திவிடாதீர்கள். அதன் கீழுள்ள உதாரண வாக்கியத்தையும் வாசியுங்கள். தடித்த எழுத்தில் ஒரு முன்னிடை தரப்பட்டிருந்தால் அதனையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சொற்புத்தகத்தில் மூன்று நிரல்களை வரையுங்கள். முதலாவதில் வினை, இரண்டாவதில் முன்னிடை, மூன்றாவதில் உங்கள் வாழ்க்கையோடு தொடர்புள்ள ஒரு வாக்கியம். முன்னிடை வராத வினையாயின் இரண்டாம் நிரலில் ஒரு கோடு இடுங்கள். அக்கோடும் மனதில் பதியவேண்டிய ஒன்றே. நாளொன்றுக்கு ஐந்து வினைகள் வீதம் எழுதினால் ஒரு மாதத்தில் நூற்றைம்பது வினைகள் சேரும். சாதாரண தரப் பரீட்சைக்கு அது தாராளமாகப் போதும்.

பயிற்சி

பின்வரும் இடைவெளிகளுக்குப் பொருத்தமான முன்னிடைச்சொல்லை எழுதுக. முன்னிடை வேண்டியதில்லை எனின் கோடு இடுக. எழுதியபின் ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக ஆங்கில எழுத்தில் எழுதுக.

1. பரீட்சைப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறோம். வெயிற் ........ த றிசல்ற்ஸ்
2. பெரியோருக்குக் கீழ்ப்படி. ஒபே ........ யுவர் எல்டேர்ஸ்
3. ஆசிரியர் பாடத்தை எங்களுக்கு விளக்கினார். எக்ஸ்பிளேன்ட் த லெசன் ........ அஸ்
4. நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை இரவல் பெற்றேன். பொறோட் எ புக் ........ த லைபிறறி
5. டெங்கு நோய் பற்றிக் கலந்துரையாடினோம். டிஸ்கஸ்ட் ........ டெங்கு
6. டெங்கு நோய் பற்றி ஒரு கலந்துரையாடல் நடத்தினோம். ஹாட் எ டிஸ்கஷன் ........ டெங்கு
7. இந்தச் சைக்கிள் அண்ணனுக்குச் சொந்தமானது. பிலோங்ஸ் ........ மை பிறதர்
8. புகையிரதம் மாலையில் கொழும்பை வந்தடைந்தது. அரைவ்ட் ........ கொழும்பு
9. புகையிரதம் மாலையில் கொழும்பை வந்தடைந்தது. றீச்ட் ........ கொழும்பு
10. நாய்மீது கல்லெறியாதே. டோன்ற் த்றோ ஸ்ரோன்ஸ் ........ த டோக்

விடைகள்

1. ஃபோர் 2. – 3. ரு 4. ஃப்ரொம் 5. – 6. எபவுற் ('ஒன்' என்பதும் ஏற்கத்தக்கது) 7. ரு 8. இன் 9. – 10. அற்

எட்டாம், ஒன்பதாம் வினாக்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். தமிழ் வாக்கியம் ஒன்றே. ஆங்கில வினை மாறியதால் விடை மாறிவிட்டது. ஆகவே பரீட்சையில் ஒரு முன்னிடையை எழுதுமுன், 'தமிழில் என்ன உருபு?' எனக் கேட்காதீர்கள். 'இந்த ஆங்கில வினை எதனை ஏற்கும்?' எனக் கேளுங்கள். விடை எழுதி முடித்தபின் இறுதி ஐந்து நிமிடங்களை ஒதுக்கி, வினைச்சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டு, அடுத்து வரும் சிறு சொல் சரியா எனச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடங்கள் நீங்கள் நன்றாக எழுதிய விடைக்கு உரிய புள்ளியைப் பெற்றுத்தரும்.